புகுந்த வயிறு

கிழவர் இன்னொரு துண்டு பன்றிக்கறியை எடுத்து வாயில் போட்டார். நான் மேசைக்கு இந்தப் பக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சோயாவும் சர்க்கரையும் போட்டு, தோலும் கொழுப்புமாக வேகவைத்த கறி. சமைத்தவளும் நான்தான். அவர் மெல்ல மெல்ல எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பிடுகிற மாமனாரைப் பார்த்து இப்படிக் கொதிக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். கொதிக்கத்தான் செய்யும். அந்த வயிற்றுக்குள் இருந்தவை என்னுடையவை. என் குடலில் பிறந்து வளர்ந்தவை. அவற்றை இந்த மனுஷர் பட்டினி போட்டுக் கொன்றுகொண்டிருந்தார், அதுவும் என் சமையலாலேயே.

"ஜியாமிங் என்ன சாப்பிடறானோ அதையேதான் நானும் சாப்பிடணும். டாக்டரம்மா சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்க அப்பா."

"அப்புறம் எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே? குழம்பு ஊத்து."

ஊற்றினேன். என் புருஷன் ஜியாமிங் கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சோற்றை அள்ளிக்கொண்டிருந்தான். அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் அந்த வாய் சோற்றுக்கு மட்டும்தான் திறக்கும்.

என் மாமனார் தேயுவான், யாங்ஜோ நகரத்துப் பழைய குளியல் கூடம் ஒன்றில் முதுகு தேய்த்தவர். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஊரில் உள்ளவன் முதுகு அழுக்கையெல்லாம் உரித்து எடுத்தவர். அதனால் உலகத்தில் சுத்தம் என்றால் என்னவென்று தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைப்பு. நான் தென்மேற்கே குய்சோவ் மலைப்பக்கத்துக்காரி. கல்யாணமாகி வந்த அன்று புளித்த கீரை ஜாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு இந்த வீட்டுக்குள் நுழைந்தேன். மூடியைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்ன நாத்தம் இது! சாக்கடையா?" அன்றைக்கே ஜாடி பால்கனிக்குப் போனது. என் கீரையையும் சிவப்பு பீன்ஸையும் தினமும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். எனக்கு ஒரு பெயரும் வந்தது, நாத்த ஜாடி. என் பெயர் லோங் அயிங் என்பது அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்பதே சந்தேகம்.

போன இலையுதிர் காலத்தில் அவருக்கு நிமோனியா வந்தது. பலமான ஆன்டிபயாடிக் கொடுத்து நுரையீரலைக் காப்பாற்றினார்கள். ஆனால் அந்த மருந்து குடலில் இருந்த நல்ல கிருமிகளையும் வழித்துத் துடைத்துவிட்டது. காலியான இடத்தில் ஒரு கெட்ட கிருமி ஏறி உட்கார்ந்துகொண்டது. வயிற்றுப்போக்கு என்றால் அப்படி ஒரு வயிற்றுப்போக்கு. மருந்து கொடுத்தால் அடங்கும், நிறுத்தினால் திரும்பும். எத்தனையோ முதுகைத் தேய்த்த கைகள், கடைசியில் ஈரத்துணியைப் பிழியக்கூட வலுவில்லாமல் போயின. கழிவறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போவார், திரும்பி வரும்போது தவழ்ந்து வருவார்.

டாக்டர் மெங் இளவயதுப் பெண், சுற்றி வளைத்துப் பேசமாட்டாள். "ஆரோக்கியமான ஒருத்தரோட மலத்தைக் கழுவி வடிகட்டி, மூக்கு வழியா குழாய் விட்டு உங்க குடல்ல சேர்க்கணும். அதுல இருக்கிற நல்ல கிருமிங்க உள்ள போய் இடத்தைப் பிடிச்சா, கெட்டது ஓடிடும். எங்ககிட்ட சோதிச்சு உறையவச்சது தயாரா இருக்கு. இல்லேன்னா குடலை அறுத்து எடுக்கிற நிலைமை வந்துடும்."

மாமனாருக்கு முகம் சுண்டிவிட்டது. கடைசியில், "எவனோ ஒருத்தனோடது எனக்கு வேண்டாம். போடறதா இருந்தா என் ரத்தத்தோடதைப் போடுங்க" என்றார்.

அதற்கப்புறம்தான் வருஷப்பிறப்பு விருந்து வந்தது. சொந்தம் முழுக்க மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. மாமனாரின் அக்கா, எங்கள் பெரிய அத்தை, நடுவில் இருந்தாள். சாராயம் உள்ளே போன தைரியத்தில் ஜியாமிங் எழுந்தான். நெஞ்சில் ஓங்கித் தட்டிக்கொண்டான். "அப்பா எனக்கு உயிர் குடுத்தாரு. என் குடல்ல இருக்கிறதை நான் அவருக்குக் குடுக்கறேன்! பிள்ளைன்னா வேற எதுக்கு?"

எல்லோரும் கை தட்டினார்கள். பெரிய அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமனார் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எனக்கே ஒரு நிமிஷம் அவன் மேல் பெருமையாக இருந்தது. நான் ஒரு முட்டாள்.

மறுநாள் காலை ஜியாமிங் கட்டில் விளிம்பில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான்.

"அயிங், பல்லு வீங்கினப்ப ஆன்டிபயாடிக் போட்டேன்ல? கொடுக்கிறவன் மூணு மாசத்துக்கு அதைத் தொட்டிருக்கக் கூடாதாம். குடிக்கவும் கூடாதாம்."

"அப்ப போய் உண்மையைச் சொல்லு."

"எப்படிச் சொல்றது? அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டேனே. மானம் போயிடும்."

"டாக்டர்கிட்ட உறையவச்சது இருக்கே."

"அப்பா ஒத்துக்க மாட்டாரு. நீ... நீ ஸ்கூல் சமையல்கட்டுல வேலை பாக்கறே. வருஷா வருஷம் உன்னோடதைச் சோதிச்சுதானே வேலைக்கு விடறாங்க? உனக்கு வயித்துல ஒரு கோளாறும் இல்ல. ரொம்ப நல்ல வயிறு உன்னுது."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். அவன் கன்னத்தில் ஒன்று கொடுத்திருக்க வேண்டும். ஆனால் அந்த நேரம் பார்த்துக் கழிவறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கிழவர் விழுந்துவிட்டார். தூக்கி உட்கார வைத்தபோது எலும்புக்கூட்டைத் தூக்குவது போலிருந்தது. இவர் செத்துவிடுவார் என்று தோன்றியது. நான் ஒத்துக்கொண்டதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு வந்தால் போதும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். ரத்தப் பரிசோதனைக்கு அவன் கையை நீட்டினான். பெட்டியில் என்னுடையது போனது. மேலே தன் முழுப்பெயரை ருயி ஜியாமிங் என்று கொட்டை எழுத்தில் எழுதி, மின்சார ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு பறந்தான்.

குழாய் வழியாக ஏற்றி முடித்ததும் டாக்டர் மெங் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னாள். "ஏத்தினதோட வேலை முடியல. புதுசா வந்தவங்க உள்ள குடியேறணும். ஏற்கெனவே உக்காந்திருக்கிறதுங்க லேசுல இடம் விடாது. ஒண்டிக்க ஒரு மூலை வேணும், பழகின தீனி வேணும். ரெண்டும் கிடைச்சாத்தான் பல்கிப் பெருகும். அதனால கொடுத்தவர் என்ன சாப்பிடறாரோ அதையே கொஞ்ச நாளைக்கு இவருக்கும் குடுங்க."

எனக்கு ஜாடியைத் தூக்கிக்கொண்டு இந்த வீட்டு வாசலில் நின்ற நாள் ஞாபகம் வந்தது. புகுந்த வீட்டில் ஒண்ட ஒரு மூலை, வாய்க்குப் பழகின சாப்பாடு. எனக்கு இந்த வீட்டுக்குள் இரண்டும் கிடைக்கவில்லை. அதுகளுக்காவது கிடைக்கட்டும் என்று நினைத்தேன்.

மாமனார் உடனே ஜியாமிங் பக்கம் திரும்பினார். "நீ என்னடா சாப்பிடறே? எல்லாம் எனக்குத் தெரியும். கொழுப்புக் கறி, உருண்டைக் கறி, வெள்ளைச் சோறு. கீரையைக் கண்ணால பாக்க மாட்டான் பய." பெருமை தாங்கவில்லை அவருக்கு. நான் ஜியாமிங்கைப் பார்த்தேன். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

முதல் சில வாரங்கள் எல்லாம் நன்றாகவே இருந்தது. கிழவர் எழுந்தார், நடந்தார், டீக்கடைக்குப் போனார். அங்கே உட்கார்ந்து தெருவுக்கே கதை சொன்னார். "என் பிள்ளையோடது! உள்ள போனதும் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி உக்காந்துடுச்சு. ரத்தம்னா ரத்தம்தான். வெளியாளோடது ஒட்டுமா?" வீட்டுக்கு வந்து அதையே என்னிடமும் சொன்னார். நான் அவருடைய உள்ளாடைகளை அலசிக்கொண்டிருந்தேன். "ஒட்டுமான்னு கேக்கறேன், பதில் சொல்லு" என்றார். துணியை ஓங்கி அடித்தேன். அதுதான் என் பதில்.

அத்தோடு விட்டாரா? பால்கனிக்குப் போய் ஜாடியைக் காட்டினார். "இதை வெளியே கொண்டு போ. என் புது வயித்துக்கு இந்த நாத்தம் ஆகாது." அந்தப் புது வயிறே இந்த ஜாடியைத் தின்று வளர்ந்ததுதான் என்று கத்தலாம் போலிருந்தது. ஜியாமிங் பின்னாலிருந்து கையெடுத்துக் கும்பிட்டான். ஜாடியைத் தூக்கிக்கொண்டுபோய் ஸ்கூல் சமையல்கட்டில் வைத்தேன்.

திருட்டுத்தனமாகவும் செய்து பார்த்தேன். கீரையையும் பீன்ஸையும் அரைத்து உருண்டைக் கறிக்குள் ஒளித்து வைத்தேன். கிழவருக்கு நாக்கா அது, பூதக்கண்ணாடி. முதல் கடியிலேயே துப்பினார். "என் பிள்ளை இதைத் தின்பானா? என் பிள்ளை குடுத்ததைக் கெடுக்கப் பாக்கறியா?" ஜியாமிங் எதிரில்தான் இருந்தான். "ஆமா அயிங், டாக்டர் சொன்னபடி செய்" என்றான். அன்று ராத்திரி அவனுக்கு நான் படுக்கையில் இடம் கொடுக்கவில்லை.

கடைசியில் நான் பயந்ததுதான் நடந்தது. வயிறு மறுபடி இளக ஆரம்பித்தது. கிழவர் மறைத்துப் பார்த்தார், முடியவில்லை. மூன்று பேரும் டாக்டர் மெங் முன்னால் போய் உட்கார்ந்தோம்.

அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "முதல்ல எடுத்துப் பாத்தப்ப, கொடுத்தவரோட கிருமிங்க அழகா குடியேறியிருந்துச்சு. இப்ப குறைஞ்சுக்கிட்டே வருது. விரட்டின கெட்டது மறுபடி தலை தூக்குது. என்ன சாப்பிடறீங்க?"

"என் பிள்ளை சாப்பிடறதையேதான்" என்றார் மாமனார், நெஞ்சை நிமிர்த்தி. "கொழுப்புக் கறி, உருண்டைக் கறி. ஒரு வேளை தப்பலை."

டாக்டர் ஜியாமிங்கைப் பார்த்தாள். "நீங்க கீரையே சாப்பிட மாட்டீங்களா?"

"அது... அப்பப்ப..."

"உங்க பெட்டியில வந்ததெல்லாம் நார்ச்சத்தைத் தின்னு வாழற கிருமி. கீரை, பயறு, முழு தானியம் தினமும் தின்கிற வயித்துலதான் அவ்வளவு இருக்கும். கொழுப்புக் கறி தின்கிறவர்கிட்ட இத்தனை எப்படி இருந்துச்சுன்னு நானும் யோசிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

"அது வந்து டாக்டர், நான் சின்ன வயசுல நிறைய கீரை..."

அவ்வளவுதான். என் பொறுமை அங்கேயே அறுந்தது.

"அது என்னோடது" என்றேன்.

டாக்டர் என் பக்கம் திரும்பினாள்.

"பெட்டியில போனது என்னோடது. இவன் பல்லுக்கு மாத்திரை தின்னான், குடிச்சான். சொல்ல வக்கில்லாம என்னோடதை எடுத்துட்டு வந்து தன் பேரை எழுதினான். என் வயித்துல புளிச்ச கீரையும் சிவப்பு பீன்ஸும் தின்னு வளந்ததுங்க. நீங்க பன்னிக் கொழுப்பா ஊத்தினா அதுங்க என்ன பண்ணும் அப்பா? செத்துதான் போகும்!"

மாமனார் பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை தன் செருப்பைப் பார்த்தான்.

முதலில் வெடித்தது டாக்டர். மேசையை அடித்தாள். "ரத்தம் அவரோடது, மலம் உங்களோடதா? உங்க ரத்தத்தை யார் சோதிச்சாங்க? மஞ்சள் காமாலை கிருமி இருந்திருந்தா இந்தப் பெரியவர் கதி என்ன? படிச்சவங்க பண்ற காரியமா இது? விளையாட்டா இருக்கா உங்களுக்கு?" அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு கையை நீட்டினேன். அங்கேயே ரத்தம் எடுத்தார்கள். அப்புறம் வந்த முடிவில் ஒரு குறையும் இல்லை.

மாமனார் அப்போதுதான் வாயைத் திறந்தார். "இதை வெளியே எடுங்க" என்றார். "எனக்கு இவளோடது வேண்டாம்."

"எடுக்க வேண்டியதில்ல. நீங்க போட்ட சாப்பாட்டுக்கு அதுங்களே போய்க்கிட்டிருக்கு" என்றாள் டாக்டர் மெங். "மறுபடி ஏத்தலாம். ஆனா இந்தத் தடவை சாப்பாட்டையும் மாத்தணும். எங்க கையிருப்புல இருக்கிறதும் நல்லாவே வேலை செய்யும். இல்ல, உங்க மருமகளோட பரிசோதனை சுத்தமா வந்து, அவங்களும் சம்மதிச்சா, அவங்களோடதே போடலாம். ஏற்கெனவே உங்க உடம்பு ஏத்துக்கிட்டது. யோசிங்க. ரொம்ப நாள் யோசிக்காதீங்க, குடல் தாங்காது."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஸ்கூலுக்குப் போய் ஜாடியைத் தூக்கி வந்தேன். பால்கனியில் இல்லை, அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்தேன். யார் கை வைக்கிறார்கள் பார்க்கலாம்.

கிழவர் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார். வெளியாள் கையிருப்பும் வேண்டாம், என்னுடையதும் வேண்டாம். கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டு கழிவறைக்கும் கட்டிலுக்குமாக அலைந்தார். ஜியாமிங் சமையல்கட்டுக்கு வந்து குழைந்தான்.

"அயிங், நான் எப்படியாவது பேசிப் பாக்கறேன். டாக்டர்கிட்ட சொல்லி, பெட்டி மேல பேரு இல்லாம..."

கையில் இருந்த கரண்டியை அவன் மூக்குக்கு நேராக நீட்டினேன். "கேட்டுக்கோ. உங்கப்பா கையிருப்புல இருக்கிறதைப் போட்டுக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். பொழைக்கறதுக்கு வழி இருக்கு, வீம்புதான் தடுக்குது. ஆனா என்னோடது வேணும்னா பெட்டி மேல என் பேர் இருக்கணும். அதை உங்கப்பா சொல்லணும். என்கிட்ட இல்ல. வருஷப்பிறப்பன்னிக்கு உனக்குக் கை தட்டினாங்களே, அவங்க முன்னாடி, அதே மேசையில சொல்லணும்."

"அவர் செத்தாலும் சொல்லமாட்டாரு."

"அது அவர் இஷ்டம்."

"ஒரு பெரிய மனுஷனை இப்படிக் கொல்றியே."

"நானா? சரியான தீனி எதுன்னு தெரிஞ்சும் பக்கத்துல உக்காந்து கறியை மென்னவன் யாரு?"

கதவுக்கு அந்தப் பக்கம் கட்டில் முனகியது. கிழவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கேட்கட்டும் என்றுதான் நானும் கத்தினேன். சொல்லிவிட்டேனே தவிர, அவர் கழிவறைக்கு எழுந்து போகும்போதெல்லாம் எனக்குத் திக்கென்றது. பிடிவாதத்தில் செத்துத் தொலைந்துவிட்டால், ஊர் என்னைத்தான் பேசும். அதைவிட, உள்ளே மிச்சம் இருக்கிறவையும் அவரோடு போய்விடும்.

இப்படி இருக்கும்போது முன்னோர்களைக் கும்பிடும் சிங்மிங் நாள் வந்தது. கல்லறைகளைச் சுத்தம் செய்து, தாள் கொளுத்தி, கும்பிட்டுவிட்டுச் சொந்தம் எல்லாம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தது. மாமனார் கல்லறைக்கு வரவில்லை. ஆனால் சாப்பாட்டுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பச்சை மாவு உருண்டைகள், மீன், நடுவில் ஜியாமிங் கடையிலிருந்து வாங்கி வந்த பெரிய தட்டு கொழுப்புக் கறி. நான் மேசையில் உட்காரவில்லை. சமையல்கட்டு வாசலில் நின்றேன். அடுப்பில் எனக்கென்று வைத்த புளித்த கீரையும் சிவப்பு பீன்ஸும் கொதித்துக்கொண்டிருந்தன.

"தம்பி, ஏன் இப்படி வாடிப்போயிட்டே?" என்று பெரிய அத்தை ஆரம்பித்தாள். "பிள்ளையோடது நல்லாப் பிடிச்சுக்கிச்சுன்னு சொன்னியே?"

ஜியாமிங் சட்டென்று சாராயக் கோப்பையை எடுத்தான். "அத்தை, முதல்ல முன்னோர்களுக்கு ஒரு..."

"உக்காருடா" என்றார் மாமனார்.

அவர் மேசையை ஊன்றிக்கொண்டு எழுந்தார். சாப்ஸ்டிக்கால் என்னைக் காட்டினார்.

"பிள்ளையோடது இல்லக்கா. அவளோடது. இவன் மாத்திரை தின்னுட்டு, குடிச்சுட்டு, இங்க நின்னு நெஞ்சைத் தட்டினான். கொடுத்தவ அவ. நான் எழுந்து டீக்கடைக்கு நடந்ததெல்லாம் அவ கொடுத்ததுல. உள்ள போய் ஒழுங்காத்தான் குடியேறியிருக்குதுங்க. நான்தான் தீனி போடாம சாகடிச்சேன். டாக்டரம்மாகிட்ட போன்ல சொல்லிட்டேன், அடுத்த வாரம் மறுபடி ஏத்தறாங்க, பெட்டியில அயிங் பேர்ல போகும். லோங் அயிங்."

என் பெயரை அவர் வாயால் நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பெரிய அத்தை கையிலிருந்த மாவு உருண்டையைக் கீழே வைத்தாள். "சீ! சாப்பிடற நேரத்துல பேசற பேச்சா இது?"

"அன்னிக்கு இவன் சொன்னப்ப வாய் நிறைய மீனோட கை தட்டினியே, அது என்ன நேரம்?" என்றார் கிழவர். "ஊர் முதுகுல இருந்த அழுக்கையெல்லாம் தேய்ச்சு எடுத்தேன். என் வீட்டுல இருந்தது என் கண்ணுக்குத் தெரியல."

உட்கார்ந்தார். கொழுப்புக் கறித் தட்டை ஜியாமிங் பக்கம் தள்ளினார். "எல்லாத்தையும் நீயே தின்னு." அப்புறம் காலிக் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்த நாத்தம் பிடிச்சதைப் போடு."

மன்னிப்புக் கேட்டாரா? இல்லை. மூக்கைச் சுருக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம் தீர்ந்ததா? அதுவும் இல்லை, இதை எழுதும்போதுகூடப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் சட்டியை அப்படியே தூக்கி வந்து, கீரையும் பீன்ஸுமாக அடியிலிருந்து அள்ளி, கிண்ணம் வழியும் அளவுக்குப் போட்டேன். அவருக்காக இல்லை. உள்ளே பசியோடு காத்துக்கொண்டிருந்த என்னுடையவற்றுக்காக.